பச்சை இலைகள் இருந்த பனித்தூண்

எங்கள் ஊர் ஹிர்விபெராவின் புகைப்படக் குழுவுக்கு முதல் விதியை எழுதியவன் நான். "மனிதன் உண்டாக்கிய பனிக்கட்டியின் படம் எதுவும் கண்காட்சிச் சுவரில் ஏறாது." எழுதி, தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூலகக் கதவின் உள்பக்கம் ஒட்டியவனும் நானே. குழுவில் அப்போது ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேருக்கு எதற்கு விதி என்று என் மனைவி ஹில்க்கா கேட்டாள். நான் இரண்டாவது விதியை எழுத உட்கார்ந்தேன்.

புகைபோக்கி துடைப்பது என் தொழில். பத்தொன்பது வயதில் தொடங்கி நாற்பத்தோரு வருடம் ஆகிறது. இந்த வட்டாரத்தில் முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். எல்லாக் கூரைகளிலும் நின்றிருக்கிறேன், மூன்றிலிருந்து விழுந்திருக்கிறேன். கேமரா வாங்கியதும் தொழிலுக்காகத்தான். "உள்ளே செங்கல் விரிந்திருக்கிறது" என்று சொன்னால் வீட்டுக்காரர்கள் நம்புவதில்லை. எனக்கும் கொத்தனாருக்கும் ஏதோ கூட்டு என்று நினைப்பார்கள். அதனால் ஒரு பழைய கேமராவை வாங்கி, விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, விரிசலைப் படம் எடுத்துக் காட்டத் தொடங்கினேன். அதிலேயே நான்கைந்து வருடம் பழகினேன். கரி படிந்த சுவரில் மயிரிழை விரிசலைத் தெளிவாகக் காட்டுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, ஆற்றின் மேல் பனிச்சறுக்குக் கட்டைகளில் போய்க்கொண்டிருந்தபோது, காற்று வெண்பனியைத் துடைத்துவிட்டிருந்த ஓரிடத்தில் கறுப்புப் பனிக்கட்டிக்குள் ஒரு வெள்ளை விரிசல் ஆழமாக இறங்குவதைப் பார்த்தேன். வாரம் முழுவதும் நான் பார்க்கும் அதே விரிசல்தான், நிறம் மட்டும் தலைகீழ். இருட்டில் விரிசலைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வெளிச்சத்தில் பிடிப்பது பெரிய காரியமா என்று நினைத்தேன். அந்தக் குளிர்காலத்தில் எடுத்த எழுநூறு படங்களிலும் வெண்பனி அழுக்குத் துணி நிறத்தில் வந்தது. வெள்ளையைக் கண்டால் கேமரா பயந்து இருட்டாக்கிவிடும், நாம்தான் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கொடு என்று அதற்குச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த குளிர்காலத்தில்தான் புரிந்தது. குளிரிலிருந்து கேமராவை அப்படியே அடுப்பு எரியும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் லென்ஸுக்குள் நீர் கோத்துவிடும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ஒரு லென்ஸைக் கொன்றபின் இதைக் கற்றுக்கொண்டேன். இரண்டு லென்ஸ்களை என்று எழுதினால்தான் சரி.

அந்த நாட்களில் என்னோடு வந்தவன் அர்மாஸ். ஊரில் குழாய் வேலைக்காரன் அவன் ஒருவன்தான். பன்னிரண்டு குளிர்காலம், ஏறக்குறைய எல்லா ஞாயிறும் சேர்ந்து போனோம். நான் மேலே தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நடப்பேன், அவன் காலடியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நடப்பான். இரும்பு முனை வைத்த கோலால் பனிக்கட்டியைத் தட்டி, சத்தத்தை வைத்தே கனம் சொல்வான். "இங்க நில்லு. அங்க நிக்காத. அங்கதான் நிப்பேன்னா பர்ஸை என்கிட்ட குடுத்துட்டு நில்லு" என்பான். நான் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கோல் ஒரு காரணம்.

அவன் அதிகம் படம் எடுக்கமாட்டான். குளிர்காலத்துக்கு நாலோ ஐந்தோ. இரண்டு வருடத்துக்கு முன், நூலகத்தில் நடக்கும் எங்கள் கண்காட்சிக்கு ஒரே ஒரு படம் கொண்டுவந்தான். அவன் வீட்டுக் கூரை விளிம்பிலிருந்து இறங்கிய பனி ஊசிகள், கூரைப் பனி சரியச் சரிய உள்பக்கமாக வளைந்து, சீப்புப் பற்களைப்போல வரிசையாக நின்றன. நான் விதியை எடுத்தேன்.

"கூரை யார் கட்டினது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

"எங்கப்பா."

"அது உருகி ஊசியா இறங்கணும்னா கீழ சூடு வேணும். அடுப்பு எரிக்கிறது யாரு?"

"நான்தான். அந்த அடுப்போட புகைபோக்கியத் துடைக்கிறது நீ. அப்படிப் பாத்தா நீயும் சேந்துதான் செஞ்சிருக்கே."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சுவரிலிருந்து படத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். வாங்கி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு அவன் சண்டை எதுவும் போடவில்லை. கடையில் பார்த்தால் தலையசைப்பான். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியபோது வந்து சரிசெய்தான், காப்பி குடித்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இரண்டு குளிர்காலம் நான் தனியாகப் போனேன். கோல் வாங்கி நானே தட்டிப் பார்த்தேன். எல்லா இடமும் எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் விதி சரி என்று நம்பிக்கொண்டிருப்பவன் எதற்கு மன்னிப்புக் கேட்பது? எனவே வேறொரு வழி வைத்திருந்தேன். அவனே நின்று பார்க்கும்படி ஒரு படம் எடுக்க வேண்டும். கண்காட்சியில் அவன் அதன்முன் நிற்கும்போது, பக்கத்தில் போய், "ஞாயித்துக்கிழமை வரியா?" என்று சாதாரணமாகக் கேட்க வேண்டும். இருநூறு மீட்டர் தள்ளி இருக்கிற ஒருவனைக் கூப்பிட இது எவ்வளவு பெரிய சுற்றுவழி என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்த ஜனவரியில் அந்தப் படம் கிடைத்தது.

அன்று வெப்பமானி மைனஸ் இருபத்து நான்கு காட்டியது. எங்கள் ஆறு கோர்ப்பி குன்றைச் சுற்றி மூன்று தரம் வளைகிற பகுதியில், இதுவரை போகாத தூரம் போனேன். மூன்றாவது வளைவில் பாறைச் சுவரிலிருந்து ஒரு பனித்தூண் இறங்கியிருந்தது. ஏழு மீட்டர் உயரம். பக்கத்தில் ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. மெல்லிய பச்சை நிறம். கிட்டப் போய்ப் பார்த்தால் அடுக்கடுக்கான வளையங்கள்: கண்ணாடிபோல் தெளிந்த பட்டை ஒன்று, அதன்மேல் பால் கலந்ததுபோல மெல்லிய வெள்ளைக் கோடு, மறுபடி தெளிந்த பட்டை. தெளிந்த பட்டைகளில் ஒன்று அகலம், அடுத்தது குறுகல், மறுபடி அகலம். அவற்றுக்கு நடுவே அங்கங்கே பிர்ச் மரத்து இலைகள் உறைந்து கிடந்தன. நரம்பெல்லாம் தெரிய, அப்போதுதான் பறித்ததுபோல் பச்சையாக. லேசாகத் தார் மணம்கூட அடித்தது. மேலே பழைய பைன் மரம் ஏதோ பிசின் வடிக்கிறது என்று முடிவு செய்தேன்.

ஐந்து ஞாயிறு அங்கே போனேன். பேட்டரிகளை அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். என் மூச்சு லென்ஸில் படியாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். ஒருதரம் அதிக நேரம் அடக்கி, உட்கார வேண்டியதாகிவிட்டது. நூற்று நாற்பது படங்களில் ஒன்று தேறியது.

படத்தோடு விளக்கமும் எழுதினேன். என் வெப்பமானிக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, தெளிந்த பட்டை கடுங்குளிர் நாட்கள், வெள்ளைக் கோடு குளிர் தணிந்த நாட்கள் என்று பொருத்தினேன். பொருந்தாத இடங்களில் குன்றின் அந்தப் பக்கம் வானிலை வேறு என்று எழுதினேன். "இயற்கை தன் கையால் எழுதிய நாட்குறிப்பு" என்று முடித்தேன். வட்டாரப் பத்திரிகை படத்தை முதல் பக்கத்தில் போட்டு, விளக்கத்தை ஒரு வரி வெட்டாமல் அச்சிட்டது.

ஹில்க்கா படித்தாள். "ஜனவரியில பச்சை இலை எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள்.

"இலையுதிர் காலத்துல, பழுக்கறதுக்கு முன்னாடியே திடீர்னு உறைபனி பிடிச்சிருக்கு. அப்படியே மாட்டிக்கிச்சு."

"போன வருஷம் அக்டோபர் பூரா மழைதானே பெஞ்சுது?"

"குன்றுக்கு அந்தப் பக்கம் வேற."

அவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

கண்காட்சி மார்ச் முதல் சனிக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை என் வேலைப் பட்டியலில் ரவ்ஹா கெய்னானனின் வீடு இருந்தது. எண்பத்திரண்டு வயது. பால் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். பதினெட்டு வருடமாக அவர் வீட்டுப் புகைபோக்கியையும், சௌனா என்ற நீராவிக் குளியலறையின் புகைபோக்கியையும் நான்தான் துடைக்கிறேன்.

சௌனாவின் கூரை வேலை முடிந்து, கரி அள்ள உள்ளே போனேன். ஓரத்தில் குழாய் மெல்லிய நூலாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரவ்ஹாம்மா, குழாய மூட மறந்துட்டீங்க. மூடிடட்டுமா?"

"கை வச்சிடாதீங்க, புகைபோக்கிக்காரரே. நவம்பர்லேர்ந்து அப்படித்தான் விட்டிருக்கேன். மூடினா உள்ளயே உறைஞ்சு குழாய் வெடிச்சிடும்."

வாசலருகே ஒரு வாளி இருந்தது. அதில் பிர்ச் இலைக்கொத்து ஒன்று. கோடையில் கட்டி உறைபெட்டியில் போட்டுவைத்து, குளிக்கும்போது எடுத்து உடம்பில் அடித்துக்கொள்வதற்கு. ஹிர்விபெராவில் எல்லா உறைபெட்டியிலும் அது இருக்கும். என் உறைபெட்டியில் பதினான்கு இருக்கின்றன. உதிர்ந்த இலைகள் பலகையில் ஒட்டியிருந்தன, தரையில் ஒட்டியிருந்தன, வடிகால் ஓட்டையை நோக்கி ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் பச்சைப்பசேல் என்று. பக்கத்தில் தார் சோப்பு.

நான் கரி வாளியைக் கீழே வைத்தேன்.

"எந்தெந்த நாள் குளிப்பீங்க?"

"புதன், சனி. கல்யாணம் ஆனதிலேர்ந்து மாத்தினதில்ல. ஏன்?"

சனிக்கிழமையிலிருந்து புதன் நான்கு நாள், புதனிலிருந்து சனி மூன்று நாள். ஒன்று அகலம், ஒன்று குறுகல். தெளிந்த பட்டை இந்தக் குழாய் நீர், வெள்ளைக் கோடு சோப்பு.

"தண்ணி எங்க போகுது?"

"கீழதான். வேற எங்க போகும்? அர்மாஸ் குழாய் போட்டுக் குடுத்தான். பத்து வருஷம் இருக்கும்."

வெளியே வந்து, இடுப்பளவு வெண்பனியில் நீந்தி, தேவதாரு மரங்களுக்கு நடுவே அறுபது மீட்டர் போனேன். வடிகால் குழாயின் வாய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பாறை விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தேன். கீழே ஆறு, ஆற்றின் மேல் என்னுடைய சறுக்குத் தடம், அதன் முடிவில் நான் சுற்றிச் சுற்றி மிதித்த வட்டம், வட்டத்தின் நடுவே முக்காலியின் மூன்று குழிகள். ஆற்றின் வழியாக எட்டுக் கிலோமீட்டர் போய்க் கண்டுபிடித்தது, சாலை வழியாக என் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்தது. பதினெட்டு வருடமாக அந்த சௌனாவின் புகை எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறேன். தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

திரும்பி வந்து ரவ்ஹாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேப்பர்ல வந்துச்சே, அதுவா? அது நான் குளிச்ச தண்ணியா?"

"ஆமா."

"வெட்டி ஃப்ரிட்ஜ்ல வேற ஒட்டியிருக்கேன். நீங்க அதுல வானிலை அது இதுன்னு நிறைய எழுதியிருந்தீங்களே."

"எழுதியிருந்தேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. குளிச்ச தண்ணிய ஊரே நின்னு பாக்குதுன்னா எனக்கு வெக்கமா இருக்கும்."

இதைவிட நல்ல வார்த்தையை நான் இந்த வருடம் கேட்கவில்லை. ஒரு வயதான பெண்மணியின் மானத்தைக் காப்பாற்றுவது என் கடமை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கடமையை வளர்த்துக்கொண்டே போனேன். ஹில்க்காவிடம் சொல்லும்போது அது நன்றாக வளர்ந்திருந்தது.

"அவங்க மானமா, உன் மானமா?" என்றாள் ஹில்க்கா.

"ரெண்டும் இருக்கு."

"குழாய் போட்டவன் பேப்பர் படிக்க மாட்டானா?"

அதைத்தான் நான் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அர்மாஸின் பட்டறைக்குப் போனேன். ஒரு குழாயின் முனையில் மரை வெட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"பேப்பர் வந்த அன்னிக்கே தெரியும். அந்தப் பாறையில நான் ரெண்டு நாள் கயித்துல தொங்கியிருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"எதுக்கு? நாட்குறிப்பை நல்லாத்தான் படிச்சிருந்தே. கெய்னானன் வீட்டம்மா எப்பெப்போ முதுகு தேச்சுக்கறாங்கன்னு கச்சிதமா வந்திருக்கு."

"சனிக்கிழமை வரதா இருந்தியா?"

"ஒரு கேள்வி கேக்கலாம்னு நெனச்சேன்."

"என்ன கேள்வி?"

"குழாய் யார் போட்டதுன்னு."

நான் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். அவன் குழாயை ஊதிப் பார்த்து, துடைத்து, அலமாரியில் வைத்தான்.

"விதியைத் திருத்திடேன்," என்றான். "'தெரியாம நடந்தா பரவால்ல'ன்னு ஒரு வரி சேத்துடு. பிளாஸ்டிக் உறையில இடம் இருக்கு. நான் கேள்வி ஒன்னும் கேக்கல."

உண்மையாகவே சொல்கிறானா, குத்துகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். குழாய் வேலைக்காரர்களின் முகத்திலிருந்து எதுவும் தெரியாது. வரி சேர்த்தால் படம் சுவரில் இருக்கும், பெயர் இருக்கும், பத்திரிகைக்கும் வெட்கமில்லை. அர்மாஸ் மட்டும் எப்போதும்போல் தலையசைத்துவிட்டுப் போவான். அப்படியே இன்னொரு பத்துக் குளிர்காலம் ஓடிவிடும்.

வெள்ளிக்கிழமை மறுபடி ரவ்ஹாவிடம் போய், சொல்லியாக வேண்டும் என்றேன்.

"சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லுங்க. புதன், சனி ரெண்டும் சொல்லணும். வாரத்துக்கு ஒருதரம் குளிக்கிறவள்னு யாரும் நெனச்சிடக் கூடாது."

சனிக்கிழமை நூலகத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எங்கள் ஊருக்கு அது பெரிய கூட்டம். ஏலக்காய் ரொட்டி வாசனை. ரவ்ஹா நல்ல நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அர்மாஸ் கதவுக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல் நின்றான்.

நான் நாற்காலி மேல் ஏறிச் சொன்னேன். நவம்பரிலிருந்து ஓடும் குழாய், தார் சோப்பு, இலைக்கொத்து, புதன், சனி. "இயற்கையின் நாட்குறிப்பு" என்று எழுதியதையும் சொன்னேன். முதலில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரவ்ஹா சிரித்தார். அதற்குப் பின் யாராலும் நிறுத்த முடியவில்லை. பத்திரிகைக்காரர் மட்டும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகாத்தானே இருக்கு, அப்படியே இருக்கட்டும்," என்று யாரோ சொன்னார்கள். நான் படத்தைக் கழற்றினேன். கழற்றுவது சுலபமாக இல்லை. விழுந்துவிடக் கூடாது என்று நாலு திருகாணி போட்டு முறுக்கியிருந்தேன். முப்பது பேர் பார்க்க, திருப்புளியோடு பத்து நிமிடம் போராடினேன். கீழே சுவரில் சாய்த்து வைத்தேன்.

"வேண்டாம்னா எனக்குக் குடுங்க," என்றார் ரவ்ஹா. "சௌனாவோட முன்னறையில மாட்டிக்கிறேன்."

கூட்டம் காப்பிப் பக்கம் நகர்ந்த பிறகு அர்மாஸ் வந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வளையமாகப் பார்த்தான். நான் திருகாணிகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"கீழ ஒரு முழம் கலங்கியிருக்கு," என்றான்.

"முக்காலியோட கால் ஒன்னு எறங்கிடுச்சு."

"பனிமேல பனி கிடந்திருக்கும், நடுவுல தண்ணி. தட்டிப் பாக்கலையா?"

"தட்டினேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்."

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "விதி தப்புன்னு நான் எப்பவும் சொல்லல, ரெய்னோ. என் படத்தைக் கழட்டினியே, ஒரு தரமாவது பாத்தியா? நீ கூரையைத்தான் பாத்தே."

அவன் சொன்னது சரி. சீப்புப் பற்கள் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதுகூட அன்று மற்றவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு எழுதியதுதான்.

"பாக்கல," என்றேன். பிறகு, சாதாரணமாகக் கேட்பதற்காக இரண்டு வருடம் ஒத்திகை பார்த்ததை, கையிலிருந்த திருகாணிகளைப் பார்த்தபடி கேட்டேன். "நாளைக்கு வரியா?"

"எட்டு மணிக்கு. அந்த மூணாவது வளைவுக்கு வேண்டாம். அந்தப் பனிக்கட்டியோட சத்தம் எனக்கு இங்கேயே கேக்குது."

மறுநாள் கிழக்கே சிற்றோடை வழியாகப் போனோம். அர்மாஸ் முன்னே தட்டிக்கொண்டே போனான். பதினொரு மணிக்கு, பீவர் என்ற நீர்விலங்கு கட்டும் அணை ஒன்று வந்தது. அணையின் குச்சிகளுக்கு இடையிலிருந்து கசிந்த நீர், ஒவ்வொரு குச்சி நுனியிலும் சிறு மணியாக உறைந்து, அணை முழுவதும் ஆயிரக்கணக்கில் தொங்கியது.

அர்மாஸ் கோலை ஊன்றி நின்றான். "ரெய்னோ, இந்த அணை யார் கட்டினது?"

நான் பையை இறக்கி வைத்தேன், கேமராவை எடுக்கவில்லை. "இரு," என்றேன். "முதல்ல பாத்துக்கிறேன்."